சிவப்பு வட்டம் போட்ட இரண்டு வரிகள்

ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, யோகேஸ்வரியின் கைப்பேசிக்கு அவளுடைய அண்ணன் மனோகரன் ஒரு படம் அனுப்பினான். கூட ஒரு வார்த்தை இல்லை. ‘சாப்பிட்டியா’ கூட இல்லை. அம்மா காளியம்மா இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தி ஒன்பது நாள்.

பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த அட்டவணைதான். இணையக் கலைக்களஞ்சியத்தில் மலேசியாவின் கொரோனா பரவலைப் பற்றி ஒரு தமிழ்ப் பக்கம் இருந்தது. அதில் ஜொகூர் மாநிலத்துக்கான அட்டவணையைக் கட்டி, கோடு கிழித்து, ஓராண்டுக்கும் மேலாக நாள் தவறாமல் நிரப்பி வந்தவளே அவள்தான். அவள் கட்டிய அட்டவணையைப் படம் பிடித்து அவளுக்கே அனுப்பியிருந்தான் அண்ணன். இரண்டு வரிகளைச் சுற்றி விரலால் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

நாற்பத்தொன்றாம் வரி: லோரோங் பெசி கிளஸ்டர், பாசீர் கூடாங், அறிவிக்கப்பட்ட தேதி மே 13, தொற்று 83 பேர், இறப்பு இல்லை. நாற்பத்தாறாம் வரி: தாமான் தெராத்தாய் கிளஸ்டர், சிம்பாங் ரெங்கம், அறிவிக்கப்பட்ட தேதி மே 18, தொற்று 19 பேர், இறப்பு 1.

கிளஸ்டர் என்றால் ஓரிடத்தில் சேர்ந்து பரவிய தொற்று. லோரோங் பெசி அவள் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலை. தாமான் தெராத்தாய் அம்மாவும் அண்ணனும் இருந்த குடியிருப்பு. அந்த ‘1’ அம்மா. தன் பெர்மாஸ் ஜெயா வீட்டில் தனிமைப்படுத்தலில் கிடந்தபோது, மே 21 காலை, சுகாதாரத் துறையினர் கையில் மாட்டிவிட்ட இளஞ்சிவப்பு வளையத்தோடு அந்த எண்ணைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். சுழியை அழித்து ஒன்று போட்டாள். ஒரு விசையை அழுத்தும் வேலை. அதற்கு அரை மணி நேரம் ஆனது.

அண்ணன் என்ன சொல்கிறான் என்று புரிந்துகொள்ள வார்த்தை தேவைப்படவில்லை. உன் வரி மேலே இருக்கிறது, எங்கள் வரி கீழே இருக்கிறது. மே முதல் தேதி தொழிலாளர் தின விடுமுறைக்கு நீ வந்தாய், நண்டு சாப்பிட்டாய், அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாய். இதுதான் அந்தச் சிவப்பு வட்டத்தின் பொருள்.

அவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்துக்கு அவள் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவள் கணவன் விஜயன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தை மூடினார்கள். இரண்டு வாரம் என்றார்கள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒருத்தி எத்தனை முறைதான் தரையைத் துடைப்பாள்? வாட்சாப்பில் வந்த செய்திகளைப் படித்து மண்டை காய்ந்தது. ஒரு குழுவில் அம்மா இருந்த குளுவாங் மாவட்டத்தில் நாற்பது பேருக்குத் தொற்று என்றார்கள், இன்னொரு குழுவில் நானூறு என்றார்கள். பூண்டுத் தண்ணீர் குடி என்றார்கள், குடிக்காதே என்றார்கள். எது நிஜம் என்று தேடப்போய்த்தான் அந்தத் தமிழ்ப் பக்கத்தில் கால் வைத்தாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் அவளுக்குத் தரச் சோதனை வேலை, தப்பைக் கண்டுபிடித்தே பழகிய கண். ‘ஜொகூர்யோகி’ என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

பக்கத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. ஆதாரம் இல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. உனக்கே நேரில் தெரிந்திருந்தாலும் செல்லாது, அச்சிலோ அறிவிப்பிலோ வந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் காவல்காரர் கனகசுந்தரம். அரசாங்கப் புள்ளிவிவர வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஜொகூர் பாருவில் இருக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. ‘கிளஸ்டர்’ என்பதைத் ‘திரள்’ என்று எழுதுவதா ‘கொத்து’ என்று எழுதுவதா என்று மூன்று நாள் சண்டை நடந்தபோது, மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், கிளஸ்டர் என்றே இருக்கட்டும் என்று ஒரே வரியில் முடித்து வைத்தவர் அவர்.

அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியவளும் அவள்தான். போன வருடம் அவன் ஒருநாள், “நீங்க பாட்டுக்கு நம்பர மாத்துறீங்க லா, நேத்து குளுவாங்குக்கு வேற போட்டிருந்துச்சு” என்று சண்டைக்கு வந்தான். அவள் வீடியோ அழைப்பிலேயே சொல்லிக்கொடுத்தாள். “மேல ‘வரலாறு’ன்னு இருக்கு பாருண்ணே. அத அமுக்கு. யாரு எப்ப எத மாத்துனாலும், எத எடுத்தாலும் எல்லாம் அங்க இருக்கும். அழிச்சாலும் அழியாது.” அன்றிலிருந்து அவன் நாள்தோறும் பார்க்கத் தொடங்கினான். சிம்பாங் ரெங்கத்திலிருந்து பாசீர் கூடாங்குக்கு வாரம் இரண்டு முறை அன்னாசி லாரி ஓட்டுகிறவன். லோடு இறக்கும் நேரத்தில் இதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

இப்போது அதே பக்கம் அவள் தலையில் வந்து விழுந்தது.

அந்த அட்டவணை அறிவிப்பு வந்த வரிசைதான், நோய் பரவிய வரிசை இல்லை. தொழிற்சாலையில் ஆயிரம் பேரை ஒரே நாளில் வரிசையில் நிறுத்தி மூக்கில் குச்சி விட்டார்கள், அதனால் முதலில் அறிவிப்பு வந்தது. தாமானில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சோதிக்க வேண்டியிருந்தது, அதனால் தாமதம். இதையெல்லாம் அட்டவணைக்கு அடியில் குறிப்பாக அவளே எழுதிவைத்திருந்தாள். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? அண்ணனுக்கு அதை எழுதி அனுப்பினாள். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அவளுக்கே அந்தக் குறிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது, அதுதான் கொடுமை. கண்ணை மூடினால் மேல் வரியும் கீழ் வரியும்தான். மே பத்தாம் தேதி எடுத்த சோதனையில் அவளுக்குத் தொற்று என்று வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் ஒருநாள் தொண்டை கரகரத்தது. மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டு வேலை பார்த்தாள். அது ஏப்ரல் முப்பதா, மே மூன்றா? முப்பது என்றால் அவள் அம்மாவைப் பார்ப்பதற்கு முந்தின நாள். மூன்று என்றால் பார்த்துவிட்டு வந்த பிறகு. அந்த மூன்று நாளில் ஓர் உயிர் இருந்தது. வேலை அட்டவணையைப் பார்த்தாள், கடை ரசீதுகளைக் கொட்டித் தேடினாள், மிட்டாய்ப் பொட்டலத்தைக்கூடக் குப்பையில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி வாசுகி தாழ்ந்த குரலில் பேசினாள்.

“அண்ணி, நான் வந்த அன்னைக்கு வீட்ல யாருக்காச்சும் இருமல் இருந்துச்சா?”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல யோகி.”

“அம்மாவுக்கு எட்டாந்தேதிதானே காய்ச்சல்?”

“எட்டோ, ஏழோ. மாத்திர போட்டாங்க, விட்டுருச்சு. மறுபடி வந்துச்சு. பதினாலாந்தேதி மூச்சு விட முடியல. அப்புறந்தான் ஆம்புலன்ஸ்.”

“அன்னைக்கு அண்ணன் ஏன் உள்ள உட்கார்ந்து சாப்பிடல?”

அண்ணியின் குரல் இன்னும் தாழ்ந்தது. “புழுக்கமா இருக்குன்னு வெளிய உட்கார்ந்தாரு. நீ ஏன் இதெல்லாம் போட்டுக் குடையுற? போனவங்க போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு வாசுகி வைத்துவிட்டாள்.

அன்று அண்ணன் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். அம்மா மூன்று முறை சோறும் நண்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அது மட்டும் யோகேஸ்வரிக்குத் தெளிவாக நினைவிருந்தது. அதை எதோடு சேர்ப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவின் உடலை யாரும் பார்க்கவில்லை. அவளும் தனிமையில், அண்ணன் வீட்டாரும் தனிமையில். தொண்டூழியர் ஒருவர் வெள்ளை உடுப்போடு மின்சுடலையில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. பிறகு படம் உறைந்துவிட்டது. உறைந்த படத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். பதினாறாம் நாளுக்குப் போகலாம் என்றால் மாவட்ட எல்லையைப் பூட்டியிருந்தார்கள். போலீஸ் கடிதம் வாங்கி வருகிறேன் என்று அவள் சொன்னபோதுதான், “நீ வராம இருக்குறதே நல்லது” என்று சொல்லி அண்ணன் பேச்சை முறித்தான்.

அண்ணன் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினாள். உண்மை என்று அவள் சொல்லிக்கொண்டாலும், அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான்: நான் இல்லை. பக்கத்தின் உரையாடல் பகுதியில் கனகசுந்தரத்துக்கு எழுதினாள்.

‘ஐயா, தாமான் தெராத்தாய் கிளஸ்டரில் முதலில் கண்டறியப்பட்டவர் யார், அறிகுறி எப்போது தொடங்கியது என்பதற்கு ஆதாரம் கிடைக்குமா?’

ஏன் கேட்கிறாள் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. ‘தேடுகிறேன்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

இரண்டு வாரம் போயிற்று. வளையத்தைக் கழற்றிவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் சோதிக்கும்போது ஒரு நாளைக்கு நான்கு கெட்ட பலகைகளைத் தவறவிட்டாள். மேற்பார்வையாளர் ஷாமளா ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தனியாக எடுத்துவைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அட்டவணை. ஒவ்வொரு வரியையும் பார்க்கும்போது இப்போது வேறொரு எண்ணம் வந்தது. ஒவ்வொரு ‘1’க்கும் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருப்பாரோ? ஓராண்டாக இத்தனை எண்களை இத்தனை அலட்சியமாக நிரப்பினோமே என்று கூசியது.

ஜூன் இருபது, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி சுமாருக்குக் கனகசுந்தரம் எழுதியிருந்தார்.

‘தாங்கள் கேட்டிருந்த ஆதாரம் கிடைத்தது. மாவட்ட அளவில் வெளியிடப்பட்ட விளக்கப் படம். முதலில் கண்டறியப்பட்டவர் 44 வயது ஆண், லாரி ஓட்டுநர். அறிகுறி தொடங்கிய நாள் ஏப்ரல் 28. அட்டவணையின் கீழ் சேர்த்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.’

படித்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன பயன்? நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். ஏப்ரல் 28. அவள் போவதற்கு மூன்று நாள் முன்பே அந்த வீட்டில் நோய் இருந்திருக்கிறது.

அடுத்த நொடி அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாமான் தெராத்தாயில் நாற்பத்துநான்கு வயதில் லாரி ஓட்டுகிறவன் ஒரே ஒருவன். அவன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா மூன்று முறை சோறு எடுத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் இதைப் படித்தால் என்ன ஆவான்?

அதோடு விடாமல் இன்னொரு பூதமும் கிளம்பியது. அண்ணனிடமிருந்து அவளுக்கே மே முதல் தேதி தொற்றியிருந்தால், அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது யார்? அந்த எண்பத்துமூன்று பேர்? நான் இல்லை என்று சொன்ன அதே வாயால் இப்போது நான்தானோ என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் வேறெங்கோ முடிச்சு இறுகியது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஓடியது கைதான். கனகசுந்தரம் சேர்த்த வரியை அழித்தாள். காரணம் எழுதும் கட்டத்தில் ‘ஆதாரம் போதாது’ என்று எழுதினாள். ஓராண்டில் அந்தப் பக்கத்தில் அவள் எழுதிய முதல் பொய். அவர் சேர்த்த வரி பக்கத்தில் பதினோரு நிமிடம்தான் இருந்தது.

கனகசுந்தரம் உடனே கேட்டார். ‘ஆதாரம் போதாது என்பது தங்கள் வழக்கமான தரத்துக்குப் பொருந்தவில்லை. இதில் தங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு ஏதும் உண்டா?’

இல்லை என்று எழுதி அழித்தாள். பிறகு எழுதினாள். ‘உண்டு ஐயா. அந்தக் கிளஸ்டரில் இறப்பு 1 என்று இருப்பது என் அம்மா. லாரி ஓட்டுநர் என் அண்ணன்.’

பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். அந்த முகம் தெரியாத மனிதர் தன் வீட்டில் எந்த மேசையின் முன்னால் உட்கார்ந்து என்ன யோசிக்கிறார் என்று அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. பிறகு பதில் வந்தது. ‘தங்கள் தாயாருக்கு என் அஞ்சலி. விதிப்படி நான் அந்த வரியை மீளமைக்க வேண்டும். இன்று செய்ய மாட்டேன். நாளை பார்க்கலாம்.’

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. மனோகரன்.

“யோகி.”

“சொல்லுண்ணே.”

“ஏன் அழிச்ச?”

“எத?”

“நீதானே சொல்லிக்கொடுத்த, வரலாறுல எல்லாம் இருக்கும்னு. பார்த்தேன். பதினோரு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் ஜொகூர்யோகி எடுத்துட்டதா போட்டிருக்கு.”

“அது ஆதாரம் சரியில்லண்ணே. அப்படி எவ்வளவோ வரும்.”

“பொய் சொல்லாத. அந்த ஹெல்த் ஆபீசர் போன் போட்டு எப்ப இருமல் ஆரம்பிச்சுதுன்னு கேட்டப்ப, இருபத்தெட்டுன்னு சொன்னதே நான்தான்.”

யோகேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். “அப்ப உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வட்டம் போட்டு எனக்கு அனுப்புனியே, அப்பவே தெரியுமா?”

“அப்பவே தெரியும்.”

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு வாரம். குப்பைக் கூடையைக் கொட்டி மிட்டாய்ப் பொட்டலம் தேடியது, தூக்கத்தில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அருவருத்தது, எல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்தது.

“நான் எப்படி இருந்தேன்னு தெரியுமா உனக்கு? அம்மாவக் கொன்னவ நான்தான்னு நெனச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போயிட்டு வந்தேன். ஒரு மனுஷன் செய்யிற வேலையா இது?”

“திட்டு.”

“திட்ட மாட்டேன். எதுக்கு அப்படிச் செஞ்சன்னு சொல்லு.”

மனோகரன் மூச்சு விடுவது கேட்டது. நோய் அவன் நுரையீரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது.

“லாரி ஏசின்னு நெனச்சேன். தொண்டதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ வர்றன்னதும் பயம் வந்து வெளிய உட்கார்ந்தேன். அம்மா சும்மா இருக்கல. கொண்டுவந்து கொண்டுவந்து வச்சாங்க. இரும்மா கிட்ட வராதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. நண்டு நல்லாருக்குன்னு சொன்னேன்.” நிறுத்தினான். “அப்புறம் உன் டேபிள்ல பார்த்தேன். உன் ஃபேக்டரி மேல இருக்கு, நம்ம வீடு கீழ இருக்கு. அதப் பார்த்தாதான் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும். நீயா இருந்துட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு யோகி. அவ்வளவுதான்.”

அவளுடைய கோபம் போய்விடவில்லை, அங்கேயேதான் நின்றது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து நின்றுகொண்டது. அதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

“திரும்பப் போட்டுடு” என்றான் மனோகரன்.

“நான் போட மாட்டேன்.”

“போட்டுடு லா. எனக்காக அழிச்சன்னா போட்டுடு.”

“நீயே போடு.”

“எனக்கு அதெல்லாம் வராது.”

“வரும். வரலாற அமுக்கத் தெரியுதுல்ல. அதுக்குப் பக்கத்துல ‘மீளமை’ன்னு இருக்கும் பாரு. நான் அழிச்ச வரிக்கு நேரா.”

அவன் தேடினான். வேறெதையோ அமுக்கினான். அலமாக், எல்லாம் போயிருச்சு என்றான். போகலண்ணே, பின்னால வா என்றாள். அம்மா இறந்த பிறகு இருவரும் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பேசியது பொத்தான்களைப் பற்றி.

“ஒரு கட்டம் வருது. காரணம் கேக்குது. என்ன எழுதுறது?”

“உனக்கு என்ன தோணுதோ எழுது.”

அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு, “போட்டுட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் பக்கத்தைத் திறந்தாள். வரி திரும்ப வந்திருந்தது. 44 வயது ஆண், லாரி ஓட்டுநர், ஏப்ரல் 28. வரலாற்றில் பார்த்தாள். பயனர் கணக்கு இல்லாமல் எழுதியதால் பெயருக்குப் பதில் புள்ளி வைத்த எண்கள் நீளமாக நின்றன. காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: ‘இது சரி. அந்த ஆள் நான்.’

சொந்த அறிவு செல்லாது என்பது பக்கத்தின் சட்டம். கனகசுந்தரம் இதைப் பார்த்தால் என்ன செய்வாரோ என்று காத்திருந்தாள். அவர் வரியைத் தொடவில்லை. ஒரு மணி வாக்கில் அதற்கு அடியில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தார்: ‘முதலில் கண்டறியப்பட்டவரே முதலில் தொற்றுக்கு ஆளானவர் என்று கொள்ள இயலாது. பரவலின் தொடக்கம் உறுதி செய்யப்படவில்லை.’ அதற்கு மூன்று ஆதாரங்கள் கொடுத்திருந்தார்.

சற்று நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே அட்டவணை. இந்த முறை சிவப்பு வட்டம் அடிக்குறிப்பைச் சுற்றி இருந்தது. ஒரு மனிதராவது அடிக்குறிப்பைப் படித்துவிட்டார்.

உடனே அழைப்பும் வந்தது.

“இது என்ன யோகி? அப்ப நான் இல்லையா?”

“அப்படிச் சொல்லலண்ணே. நீயாவும் இருக்கலாம். உனக்கு யாரோ குடுத்திருக்கலாம். அம்மாவே கடையில வாங்கியிருக்கலாம். எனக்கே அன்னைக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். தொண்ட கரகரன்னு இருந்துச்சு, எந்த நாள்னு ஞாபகம் வரமாட்டேங்குது.”

“அப்ப யாருதான்?”

“தெரியலண்ணே.”

“உங்க ஆளுங்க இவ்வளவு பேர் சேர்ந்து எழுதுறீங்க. யாருக்கும் தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது.”

மனோகரனுக்குப் பின்னால் லாரிக் கதவு ஒன்று சாத்தப்படும் ஓசை கேட்டது.

“அம்மா அஸ்தி எங்கிட்டதான் இருக்கு” என்றான்.

அவள் திடுக்கிட்டாள். அஸ்தியை அப்போதே கரைத்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தாள். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

“வீட்டுக்குள்ளயா வச்சிருக்க?”

“வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல. லாரியில முன் சீட்டுல வச்சிருக்கேன். பெல்ட் போட்டு.” மேலே சொன்னான். “நமக்குக் கடல் உங்க பக்கந்தானே. லோடு இறக்கிட்டு அப்படியே கரைச்சிரலாம்னுதான் கொண்டு வருவேன். பெர்மாஸ் ஜெயா சிக்னல் வரைக்கும் ஏழு தடவ வந்துட்டேன். உன் வீடு தாண்டித்தானே கடல். திரும்பிப் போயிடுவேன்.”

ஏழு முறை. அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தச் சிக்னல் தெரியும். அவள் உள்ளே உட்கார்ந்து வரிகளை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் அம்மா ஏழு முறை அவ்வளவு கிட்டத்தில் வந்து, பச்சை விழுந்ததும் திரும்பிப் போயிருக்கிறாள். அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. அடக்கவும் முயலவில்லை.

“அடுத்த லோடு எப்பண்ணே?”

“புதன்கிழம. பத்தரைக்கு இறக்கிடுவேன்.”

“நான் லீவு போடுறேன். சிக்னல்ல நிக்கிறேன்.”

“மாஸ்க் போட்டுக்க” என்றான் மனோகரன். “ரெண்டு போட்டுக்க.”